ஐந்து பேருக்கும் பொதுவான ஒரு மணி நேரம்: வடசென்னைச் சிறு கல்லூரிக் கூடைப்பந்தின் சீசன் தொடக்கம்

1. கேள்வி

வடசென்னையின் விளையாட்டு என்றதும் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று மூன்று பெயர்கள் தானாக வாயில் வந்துவிடும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர் 2021-இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கத் தெரியும். வியாசர்பாடியின் கால்பந்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதியிருக்கின்றன. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதியின் பெண். கூடைப்பந்து இந்த வரிசையில் வருவதில்லை. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்த சில வாரங்களுக்குள் உடற்கல்வி இயக்குநர் ஒருவர் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார், பத்துப் பதினைந்து பையன்கள் வருவார்கள், அதில் ஒரு அணி உருவாகும். ஜூலை, ஆகஸ்டில் முதல் ஆட்டங்களை ஆடும். பெரும்பாலும் தோற்கும்.

ஏன் தோற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டதாகவே எல்லோரும் பேசுகிறார்கள். 'உயரம் இல்லை', 'அந்த ஏரியா பசங்களுக்கு ஒழுங்கு இல்லை', 'அது ஃபுட்பால் ஏரியா' என்ற மூன்று பதில்கள் மைதான ஓரத்தில் எப்போதும் தயாராக இருக்கும். அவற்றைச் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தில் அப்படியொரு இளம் அணியைச் சீசன் தொடங்கும்போது பின்தொடர்ந்தேன். மாணவர்களின் சொந்த வாழ்க்கை இதில் கலந்திருப்பதால் கல்லூரியின் பெயரையும் மாணவர்களின் பெயரையும் தவிர்க்கிறேன்.

2. ஆட்டம் வந்த வழி

1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளை எழுதி ஒட்டி, பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகக் கூரைக்குக் கீழே பிறந்த ஆட்டம் இது. வழவழப்பான மரத்தரையும் காற்றில்லாத கூடமும் அதன் பிறவிச் சூழல். இந்த ஒரு செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சென்னைக்கும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. 1890-இல் டேவிட் மெக்கானகி தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ.வின் செந்நிறக் கட்டடம் எஸ்பிளனேடில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. அங்கிருந்து துறைமுகம் நடக்கும் தூரம். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவரும் அவரே. அந்தப் பள்ளி பின்னர் நந்தனத்தில் பெரிய வளாகமாக வேர்விட்டது. தென்னிந்தியப் பள்ளி, கல்லூரிகளின் பி.டி. மாஸ்டர்கள் பல தலைமுறைகளாக அங்கிருந்து வெளியே வந்தார்கள், ஆட்டத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ஆக, கூடைப்பந்து வடசென்னையின் வாசல்வரை வந்துவிட்டுத் தெற்கே குடிபோன ஆட்டம்.

அதன்பிறகு அதை வளர்த்தவை நிறுவனங்கள். தெற்கு ரயில்வே, பெரம்பூரின் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகியவற்றின் அணிகளே சென்னைக் கூடைப்பந்தின் முதுகெலும்பு. இந்த அணிகள் ஆளெடுப்பது ஊரிலிருந்து அல்ல, நாடு முழுவதிலிருந்தும். சங்கனாச்சேரியில் படித்த கீது அன்னா ஜோஸ் சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி சாம்பியன் ஆனது. அது நடந்த பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கம் ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆட்டத்தின் உச்சம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது வளாகச் சுவர்களுக்கு உள்ளே இருக்கிறது.

3. வழக்கமான மூன்று பதில்கள்

உயரத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிங்குக்கு நெட்டையானவன் பக்கத்தில் நிற்கிறான். ஆனால் 160 சென்டிமீட்டர் உயரமே இருந்த மக்ஸி போக்ஸ் அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 1987 முதல் 2001 வரை ஆடினார். கல்லூரி மட்டத்தில் உயரம் ஆட்டத்தைத் தீர்மானிப்பது ரிங்குக்கு அடியில், ரீபவுண்ட் எடுக்கும்போதுதான். நான் பார்த்த அணி அங்கே அதிகம் இழக்கவில்லை. கப்பல் கயிறு இழுத்த அப்பாக்களின் பிள்ளைகள், தோளும் இடுப்பும் வலுவானவர்கள், இடம் பிடித்து நின்றார்கள். அவர்கள் இழந்தது பந்து கைமாறும் நேரத்தில்.

ஒழுங்கு இல்லை என்ற பதில் எனக்குக் கோபம் தருகிறது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்குப் போய்க் கூடை இறக்கிவிட்டு ஆறு மணிக்கு கோர்ட்டுக்கு வரும் பையனை ஒழுங்கில்லாதவன் என்று சொல்ல எந்த அளவுகோல் இருக்கிறது? அவன் சில நாள் வரவில்லை என்பது உண்மை. அந்த நாட்களில் மீன் வரத்து அதிகம் என்பதும் உண்மை.

'ஃபுட்பால் ஏரியா' என்ற பதிலில் பாதி சரி. ஆனால் அது காரணத்தைச் சொல்லவில்லை, நிலையைத்தான் சொல்கிறது. ஏன் கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் இங்கே ஊன்றின, ஏன் இது ஊன்றவில்லை என்று ஒரு படி கீழே போய்க் கேட்க வேண்டும்.

4. தரையும் காற்றும்

அணியின் கோர்ட் வெட்டவெளியில் உள்ள சிமெண்ட் தளம். கடல் பக்கம். காலையில் முதலில் வருபவனின் வேலை தென்னந்துடைப்பத்தால் மணலைக் கூட்டித் தள்ளுவது. எவ்வளவு கூட்டினாலும் மெல்லிய படலம் ஒன்று தங்கிவிடும். உப்புக்காற்றில் ரிங் துருப்பிடித்து, வலை போய், கொக்கிகள் மட்டும் மிச்சம். வலை இல்லாத ரிங்கில் பந்து உள்ளே விழுந்ததா, ஓரமாகப் போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது. போட்டவனே 'போச்சா?' என்று கேட்பான்.

முதல் ஆட்டத்துக்கு அவர்கள் நகரின் தென்பகுதியில் ஒரு பெரிய கல்லூரியின் மரத்தளத்துக்குப் போனார்கள். வார்ம்-அப்பிலேயே ஒரு முதலாமாண்டுப் பையன் பி.டி. சாரிடம் வந்தான். "சார், பந்து இங்க வேற மாதிரி எழும்புது." சரியாகத்தான் சொன்னான். தேய்ந்து வழுக்கும் பந்து, விரிசல் விழுந்த சிமெண்ட், நடுவே மணல் என்று பழகிய கைக்குப் பந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்தில் வரும். அதனால் அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே டிரிபிள் செய்வார்கள். சொந்தக் கோர்ட்டில் அது புத்திசாலித்தனம், விரிசலைப் பார்க்காமல் ஆட முடியாது. மரத்தளத்தில் விரிசலே இல்லை, ஆனாலும் கண் கீழேயே இருந்தது. இடப்பக்கம் ரிங்குக்கு அடியில் ஒருவன் கையைத் தூக்கி நின்றதைப் பந்து வைத்திருந்தவன் பார்க்கவில்லை. அடுத்த கணம் பந்து பறிபோனது. முதல் பாதியில் இதே காட்சி திரும்பத் திரும்ப நடந்தது.

இரண்டாவது விஷயம் ஷாட். மாலைப் பயிற்சியில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். உயரத் தூக்கிப் போட்ட பந்து ஒரு முழம் தள்ளிப்போகும். ஆகவே யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பையன்கள் தாழ்வாக, நேராக எறியப் பழகியிருந்தார்கள். இது காற்றுக்கு எதிரான நல்ல தற்காப்பு. ஆனால் ரிங்கின் குறுக்களவு 45 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு சுமார் 24. மேலிருந்து செங்குத்தாக விழும் பந்துக்கு முழு 45-ம் திறந்திருக்கும். 45 பாகைச் சரிவில் வருவதற்கு 32-க்குச் சற்றுக் குறைவு. 30 பாகையில் வந்தால் திறப்பு 22.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும், பந்தின் அளவைவிடக் குறைவு. அதாவது தாழ்வான ஷாட் சுத்தமாக உள்ளே விழவே வழியில்லை, போர்டில் பட்டால்தான் உண்டு. கூரைக்குக் கீழே, காற்றே இல்லாத அரங்கில், அவர்களின் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ரிங்கின் முன்விளிம்பில் மோதித் திரும்பின. 'மேல தூக்கிப் போடு மச்சான்' என்று பெஞ்சிலிருந்து கத்தினார்கள். மாதக்கணக்கில் தசை கற்றுக்கொண்டதை ஒரு கத்தலில் மாற்ற முடியாது.

இதைத் திறமைக் குறைவு என்று ஸ்கோர் ஷீட் காட்டும். நான் இதை அறிவு என்றுதான் சொல்வேன். வேறொரு தரைக்கும் வேறொரு காற்றுக்கும் உரிய அறிவு, செல்லாத இடத்தில் செலவழிக்கப்பட்டது.

5. ஷிப்டு

தரை பாதிக் காரணம்தான். இன்னும் ஆழமான காரணத்தை முதல் மூன்று வாரம் நான் கவனிக்கவில்லை. பி.டி. சாரின் மேசையில் இருந்த ஒரு தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு மாணவனின் பெயருக்கும் எதிரே அவன் வர முடிகிற நேரத்தை எழுதியிருந்தார்.

இந்த வட்டாரம் சங்கொலியில் வாழ்ந்த வட்டாரம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரத்தில் திறந்தபோதே நேரப்பட்டியலும் கூட வந்துவிட்டது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தபோது குடும்பங்களின் நாளும் ஷிப்டுகளாகப் பிரிந்தது. அப்பா ஒரு ஷிப்டு, அண்ணன் வேறு ஷிப்டு, ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை. கல்லூரிக்கும் அது வந்தது. அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டு. இடப்பற்றாக்குறைக்கு அது தேவையான தீர்வு, ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அதனால் உருவானார்கள். நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் கூடைப்பந்து அணிக்கு அதன் விளைவு இது: காலை ஷிப்டுக்காரன் மதியம் வெளியே வரும்போது மதிய ஷிப்டுக்காரன் உள்ளே போகிறான். மாலையில் இவன் வரும்போது அவன் கன்டெய்னர் யார்டில் டேலி எழுதப் போயிருப்பான், அல்லது உணவு டெலிவரிப் பையை மாட்டிக்கொண்டு மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் லாரிகளுக்கு நடுவே இருப்பான்.

அந்தத் தாளில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது காலை ஆறிலிருந்து ஏழு. மீன் ஏலத்துக்குப் போகிறவனுக்கு அதுவும் நிச்சயமில்லை.

இந்த இடத்தில்தான் 'ஃபுட்பால் ஏரியா' என்ற பதிலுக்கு அடியில் உள்ள காரணம் தெரிகிறது. குத்துச்சண்டைக்காரன் மணல்மூட்டையைத் தனியாக எந்த நேரத்திலும் குத்தலாம். கேரமுக்கு இரண்டு பேர் போதும், தெருவிளக்கு போதும். தெருக் கால்பந்து வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஆடும் ஆட்டம், ஆறு பேர் வந்தாலும் நடக்கும், பதினாறு பேர் வந்தாலும் நடக்கும். வடசென்னையில் ஊன்றிய விளையாட்டுகள் எல்லாமே ஆள் வராததைத் தாங்கும் விளையாட்டுகள். ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்து அதைத் தாங்காது. ஒருவன் ஸ்க்ரீன் போட்டு நிற்க, மற்றவன் அவன் தோளை உரசிக்கொண்டு திரும்ப, மூன்றாமவன் அதே நொடியில் மூலைக்கு ஓட வேண்டும். தற்காப்பில் ஒருவன் தாண்டப்பட்டால் அடுத்தவன் கேட்காமலே நகர வேண்டும். இவற்றைத் தனியாகப் பயில வழியில்லை. அதே ஐந்து பேர், அதே தரையில், நூறு தடவை சேர்ந்து செய்ய வேண்டும். நான் போன காலைகளில் முதல் ஐவரும் ஒன்றாக நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிரணிகளின் நிலை வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள், ஒரே விடுதியில் தங்குபவர்கள், கோடை விடுமுறையிலேயே போட்டிகளுக்குப் போய் வந்தவர்கள். அவர்களுக்கு ஜூலை சீசனின் தொடக்கம். இவர்களுக்கு ஜூலை அறிமுகத்தின் தொடக்கம். இரு அணிகளும் ஒரே நாளில் ஒரே கோர்ட்டில் நிற்பதால் இரண்டும் ஒரே கட்டத்தில் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பெண்கள் அணியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாரதி மகளிர் கல்லூரி 1964-இலிருந்து இந்தப் பகுதிப் பெண்களுக்குப் பட்டம் தந்து வருகிறது. படிக்க அனுப்பப் பழகிய வீடுகள், விடியற்காலை ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோவில் மகளைப் பந்தாட அனுப்ப இன்னும் பழகவில்லை. பையன்களுக்கு மிஞ்சும் அந்த ஒரு மணி நேரமும் பெண்களுக்கு மிஞ்சுவதில்லை.

6. கோயம்புத்தூர், பெரியகுளம்

தொழிற்பகுதி என்பதாலேயே கூடைப்பந்து வளராது என்று முடிவுகட்டினால் கோயம்புத்தூர் அதை மறுக்கும். மில்களும் பவுண்டரிகளும் நிறைந்த ஊர், அங்கேயும் ஷிப்டு உண்டு. ஆனால் அங்கே மில் முதலாளிகள் உள்ளூர்க்காரர்கள். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை போன்றவை பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று கட்டி, பந்தாட்டத்தையும் அதே வளாகத்துக்குள் வளர்த்தன. பி.எஸ்.ஜி. கோப்பை அகில இந்தியப் போட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. இந்தியாவின் சிறந்த அணிகளை அந்த ஊர்ச் சிறுவன் நேரில் பார்த்து வளர்கிறான்.

பெரியகுளம் இன்னும் வியப்பானது. தேனி மாவட்டத்துச் சிறு நகரம், தொழிற்சாலைகள் என்று சொல்லும்படி எதுவுமில்லை. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் கோடையில் பி.டி. சிதன் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை மின்னொளியில் நடத்துகிறது. மின்னொளி என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, குடும்பமாக வந்து உட்காரும் நேரத்தில் ஆட்டம். அந்த ஊர் ஆட்டத்தின் நேரத்தைத் தன் நேரத்துக்கு இழுத்துக்கொண்டது.

வடசென்னையின் பெரிய முதலாளிகள் பிரிட்டிஷ் கம்பெனிகள், ரயில்வே, துறைமுகம், மத்திய, மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள். அவர்கள் வேலை கொடுத்தார்கள், குவார்ட்டர்ஸ் கட்டினார்கள், சிலர் விளையாட்டு அணிகளையும் வைத்தார்கள். ஆனால் விளக்கு போட்ட கோர்ட் ஒன்று குவார்ட்டர்ஸ் சுவருக்கு வெளியே, தெருப் பையனுக்குத் திறந்திருப்பது அரிது. சாம்பலும் எண்ணெயும் மட்டும் சுவர் தாண்டி வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். இந்தக் கரையில் ஒரு கல்லூரிப் பையனின் சீசன் எதனாலெல்லாம் அறுபடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

7. ஒரே ஆட்டம் ஆடி வீடு திரும்புதல்

போட்டி நடத்தும் முறையும் ஆராயப்பட வேண்டியது. கல்லூரிகளுக்கு இடையிலான அழைப்புப் போட்டிகள் பல நாக்-அவுட். தோற்ற அணி அன்றே மூட்டை கட்டும். அதிகம் ஆட வேண்டிய அணி குறைவாக ஆடுகிறது, ஏற்கெனவே தேர்ந்த அணி மேலும் மேலும் ஆடுகிறது. நான் பின்தொடர்ந்த அணி ஒரு போட்டிக்காக இரண்டு பஸ் மாறிப் போய், நான்கு பத்து நிமிடங்கள் ஆடி, மாலைக்குள் திரும்பியது. வழியில் யாரும் அதிகம் பேசவில்லை.

அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. சிறு கல்லூரிகள், சாதாரண மாணவர்கள். ஆனால் ஒரு சீசனில் ஏறத்தாழ 25 ஆட்டம் ஆடலாம். நவம்பரில் ஆடும் முதல் ஆட்டங்கள் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்கு என்றே கருதப்படுகின்றன, தங்கள் குழுவுக்குள்ளான முக்கிய ஆட்டங்கள் பின்னால்தான் குவிகின்றன. தோற்க இடம் கொடுத்து, தோல்வியிலிருந்து மீள நாளும் கொடுக்கும் அமைப்பு அது. நமக்கு அவர்களின் பணம் வேண்டாம், அந்த நாட்காட்டி போதும். வடசென்னையின் ஆறேழு சிறு கல்லூரிகள் தங்களுக்குள் ஒரு லீக் வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் மற்றொன்றின் சிமெண்ட் தரையில் ஆடினால், முதல் நாக்-அவுட்டுக்குப் போகும்முன் ஒவ்வொரு அணியும் ஐந்து முழு ஆட்டமாவது ஆடியிருக்கும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 3×3 வடிவமும் இருக்கிறது. ஒரே ரிங், பாதிக் கோர்ட், களத்தில் மூவர், பெஞ்சில் ஒருவர், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. ஆள் வராததைத் தாங்கும் கூடைப்பந்து இது. வடசென்னைக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஐந்து பேர் ஆட்டத்தை இவர்களுக்கு எட்டாதது என்று எடுத்து வைத்துவிட்டு இதைக் கையில் கொடுப்பதாக அது ஆகிவிடக் கூடாது. ஒதுக்கீடும் வேலைவாய்ப்பும் பெரும்பாலும் ஐந்து பேர் ஆட்டத்தின் வழியாகவே வருகின்றன.

செப்டம்பர் முதல் வாரத்தில் கடைசியாகப் போனேன். பி.டி. சார் எங்கிருந்தோ நைலான் வலை ஒன்று வாங்கி ஒரு ரிங்கில் மாட்டியிருந்தார். இன்னொரு ரிங் மொட்டையாகவே இருந்தது. ரிங்குக்கு முன்னால் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டி, கயிற்றுக்கு மேலே பந்து போனால்தான் ஷாட் கணக்கு என்று விதி போட்டிருந்தார்கள். காலை நேரம், காற்று இல்லை. முதலாமாண்டுப் பையன் இருபது ஷாட் போட்டான். கயிற்றைத் தாண்டியவை மெல்ல மெல்லக் கூடின, உள்ளே விழுந்தபோது வலை சத்தம் கேட்டது. ஆறே முக்காலுக்கு நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாமவன் வருவானா என்று யாரோ கேட்டதற்கு, 'வலை ஏறிட்டா வந்துடுவான் சார்' என்றான் ஒருவன். அவன் சொன்னது கடலிலிருந்து படகில் ஏற வேண்டிய வலையை.